ஆங்கிலத்தின் 'கேன்' சீனத்தில் மூன்றாகப் பிரியும்: தெரியும், ஏலும், லாம் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்

சீனம் படிக்கத் தொடங்கும் எல்லோரும் ஆரம்பத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'கேன்' என்ற ஒரே சொல்லில் முடிந்துபோகிற விஷயத்துக்குச் சீனத்தில் ஹுவெய், நங், கஅயி என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. எதை எங்கே போடுவது என்று பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் விளக்க விளக்கக் குழப்பம் கூடிக்கொண்டே போகும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு இது உண்மையிலேயே கடினம்தான், அவருக்கு அது மூன்றும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்கு அப்படி இல்லை. தெரியும், ஏலும், லாம் என்று நாங்கள் சின்ன வயதிலிருந்தே மூன்றையும் பிரித்துத்தான் கதைக்கிறோம், அந்த மூன்றும் சீனத்தின் மூன்றோடு ஆச்சரியப்படும் அளவுக்குப் பொருந்துகின்றன.

ஆனால் கையில் இருக்கிற செயலியும் புத்தகமும் யூடியூப் பாடமும் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வருகின்றன. தமிழில் பிரிந்து கிடக்கிற மூன்றையும் ஆங்கிலத்தில் ஒன்றாக்கி, பிறகு சீனத்தில் திரும்பவும் மூன்றாக்க நாங்களே பாடுபடுகிறோம். நடுவில் இருக்கிற ஆங்கிலத்தைத் தூக்கிவிடுங்கள், இந்தக் கட்டுரை முழுவதும் அதற்குத்தான்.

ஒரே வினையை எடுத்து மூன்றையும் பார்க்கலாம். சைக்கிள் ஓடுவதற்குச் சீனத்தில் 'ச்சி' என்பார்கள். (குதிரை, சைக்கிள், மோட்டார் சைக்கிள் போல காலை இரண்டு பக்கமும் போட்டு ஏறுவதற்கெல்லாம் இதுதான், காருக்கு வேறு வினை.) எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியும் என்றால் 'வோ ஹுவெய் ச்சி'. கால் சுளுக்கிப் போச்சு, இன்றைக்கு ஓட ஏலாது என்றால் 'வோ பு நங் ச்சி'. என் சைக்கிள் சும்மாதான் நிற்கிறது, நீ எடுத்து ஓடலாம் என்றால் 'நீ கஅயி ச்சி'. முன்னிலை ஒருமைக்குச் சீனத்திலும் நீ தான், அதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். மூன்று வசனத்தையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், மூன்றிலும் 'கேன்' தான் வரும். தமிழில் மூன்றும் வேறு வேறு, சீனத்திலும் அப்படியே.

இன்னும் ஒரு பிடி தருகிறேன். எழுத்துத் தமிழில் இந்த மூன்றுக்கும் எழுவாய்கூட மாறும்: எனக்குத் தெரியும், என்னால் ஏலும், நான் போகலாம். மனதில் வசனம் 'எனக்கு' என்று தொடங்கினால் ஹுவெய், 'என்னால்' என்று தொடங்கினால் நங், வெறும் 'நான்' என்றால் கஅயி. சீனத்தில் மூன்றுக்கும் 'வோ' மாறாமல் நிற்கும், ஆகவே தேர்வு செய்யும் வேலையைத் தமிழில் முடித்துவிட்டுத்தான் சீனத்துக்குப் போகவேண்டும். பேச்சில் நாங்கள் 'எனக்கு ஏலாது' என்றும் சொல்வோம், அது உடம்பு சுகமில்லை, தெம்பில்லை என்ற அர்த்தத்திலும் வரும், அதனால் இந்தச் சோதனைக்கு எழுத்துத் தமிழையே வைத்துக்கொள்ளுங்கள்.

வசன ஒழுங்கு மட்டும் தலைகீழ். தமிழில் தெரியும், ஏலும் எல்லாம் கடைசியில் வரும், சீனத்தில் வினைக்கு முன்னால் வந்துவிடும். இதைப் பழக ஒரு கிழமை போதும், பெரிய விஷயமில்லை.

உச்சரிப்பு, சுருக்கமாக

தமிழ் எழுத்தில் சீனத்தை எழுதினால் முழுக்கச் சரியாக வராது, ஆனால் ரோம எழுத்தைப் பார்த்து ஆங்கிலம் மாதிரி வாசிப்பதைவிட இது பரவாயில்லை. நங் என்பதை ரோமத்தில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்துப் போட்டு எழுதுவார்கள், அதைப் பார்த்து நெங் என்று வாய் போய்விடும். உண்மையில் அது அகரத்துக்குக் கிட்டத்தான், தொனி (அசையைச் சொல்லும் குரலின் ஏற்ற இறக்கம், சீனத்தில் அது மாறினால் சொல்லே மாறும்) மேலே ஏறும், யாராவது சொன்னது கேட்காமல் 'என்ன?' என்று திருப்பிக் கேட்கும்போது குரல் ஏறுமே, அந்த ஏற்றம். ஹுவெய் மேலிருந்து கீழே வெட்டி விழும். அதன் முதல் ஒலிக்குப் பகல், மகன் என்று சொல்லும்போது நடுவில் வருகிற ககரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆங்கில 'ஹ' வைவிட அது கிட்டவாக நிற்கும். கஅயியில் முதல் உயிரை உதட்டைக் குவிக்காமல், பாக்கு என்ற சொல்லின் கடைசி உகரம் போல ஆனால் வாயைக் கொஞ்சம் திறந்து சொல்லவேண்டும். இரண்டு அசையும் தாழ்ந்து வளையும் மூன்றாம் தொனி என்பதால் முதல் அசை தானாக ஏறு தொனியாக மாறிவிடும்.

'பு' என்பது மறுப்பு, எங்கள் பகரமேதான், மூச்சு வேண்டாம். வழமையில் அது விழும் தொனி, ஆனால் அடுத்து வருவதும் விழும் தொனி என்றால் 'பு' மேலே ஏறும். அதனால் 'பு ஹுவெய்' என்பதில் ஏறும், 'பு நங்' என்பதில் விழும். இந்தக் கட்டுரையில் வருகிற கஅயி, கஅநங், காய், கான், திங், தா, பாய், ச்சி, ச்சூ, ச்சஅ, ச்ஷி ஆகியவற்றின் முதல் மெய்க்கும் மிங்தியேன் என்பதன் தகரத்துக்கும் உள்ளங்கையில் படும் அளவுக்கு மூச்சு விடவேண்டும். இதில் 'தா' என்றால் அவன் என்று பொருள், மற்றத் தகரங்களுக்கு மூச்சில்லை.

ஹுவெய்: பழகி வந்தது

கற்றுக்கொண்டால்தான் வரும் என்கிற எல்லாவற்றுக்கும் ஹுவெய். நீச்சல், சமையல், கார் ஓடுவது, மொழி. 'வோ ஹுவெய் காய் ச்சஅ', எனக்குக் கார் ஓடத் தெரியும். மொழி என்றால் வினைகூட வேண்டாம், 'வோ ஹுவெய் ஹான்யு' என்றாலே எனக்குச் சீனம் தெரியும் என்று வசனம் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் 'கேன்' போட்டுவிட்டு வினை இல்லாமல் நிற்க முடியாது என்பதால், ஆங்கிலம் வழி படித்தவர்கள் இந்த இடத்தில் தயங்கி ஒரு வினையைத் தேடுவார்கள். தமிழில் 'எனக்குச் சிங்களம் தெரியும்' என்று சொல்லி விட்டுவிடுகிறோம்தானே, அப்படியே விட்டுவிடலாம்.

தமிழில் ஒருவரைப் பற்றி 'அவருக்குக் கதைக்கத் தெரியும்' என்று சொன்னால் அவர் ஊமையில்லை என்றா அர்த்தம்? இடம் பார்த்து, ஆள் பார்த்து நயமாகக் கதைப்பவர் என்று அர்த்தம். சீனத்திலும் 'தா ஹன் ஹுவெய் ஷுவோஹுவா' என்றால் அதே அர்த்தம்தான், 'ஹன்' என்றால் மிக. இதை நங் போட்டு மாற்றினால் அர்த்தமும் மாறும். 'ஹன் ஹுவெய் ச்ஷி' என்றால் ருசி அறிந்து சாப்பிடத் தெரிந்த ஆள், 'ஹன் நங் ச்ஷி' என்றால் நிறையச் சாப்பிடக்கூடிய ஆள். விருந்துக்குக் கூப்பிட்டவரைப் பற்றிச் சொல்லும்போது இரண்டையும் மாற்றிச் சொன்னால் முகம் சுருங்கும், கவனம்.

தமிழில் 'தெரியும்' என்று வராமல் 'பழக்கம்' என்று வருகிற இடங்களிலும் ஹுவெய் வரும். சீனாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்களுக்கு இது உண்மையிலேயே தேவைப்படும்: மேசையில் மது ஊற்ற வந்தால் 'வோ பு ஹுவெய் ஹஅ ஜியூ' என்று சொல்லுங்கள், எனக்குக் குடிப்பழக்கம் இல்லை என்று மரியாதையாக முடிந்துவிடும். சிகரெட் நீட்டினாலும் இதே அமைப்புத்தான். இங்கே 'பு நங்' என்று சொன்னால், வழமையில் குடிப்பேன், இன்றைக்கு மருந்து எடுக்கிறேன், வாகனம் ஓடவேண்டும், அதனால் ஏலாது என்கிற மாதிரிக் கேட்கும்.

இனி, ஹுவெய்க்கு இன்னொரு முகம் இருக்கிறது, அது தமிழின் 'தெரியும்' உடன் ஒட்டவே ஒட்டாது. நடக்கப்போவதைச் சொல்லவும் ஹுவெய்தான். 'மிங்தியேன் ஹுவெய் ஷியா யு' என்றால் நாளைக்கு மழை பெய்யும். 'தா ஹுவெய் லாய்' என்றால் அவன் வருவான், 'தா பு ஹுவெய் லாய்' என்றால் அவன் வரமாட்டான். வரத் தெரியாது என்று அர்த்தமில்லை. எப்படிப் பிரித்தறிவது என்றால், அந்த வினை பழகவேண்டிய வினையா என்று பாருங்கள். மழை பெய்யப் பழகுவதில்லை, வீட்டுக்கு வர யாரும் வகுப்புக்குப் போவதில்லை. அப்படிப்பட்ட வினைக்கு முன்னால் ஹுவெய் வந்தால் அது எதிர்காலம். (காய் ஹுவெய் என்றால் கூட்டம் நடத்துவது, அங்கே ஹுவெய் 'கூட்டம்' என்ற பெயர்ச்சொல், அதை இதோடு சேர்க்காதீர்கள்.)

நங்: உடம்பும் சூழ்நிலையும் விட்டால்

நங் எங்கள் 'ஏலும்'. உடம்பில் தெம்பு, நேரம், சூழ்நிலை, இவை விடுகிறதா என்பதுதான் கேள்வி. குழந்தை முதன்முதலாக நடக்கப் பழகிவிட்டால் 'ஹுவெய் ட்ஸோவ் ல' (கடைசி 'ல' நிலை மாறிவிட்டதைக் காட்டும்). கால் முறிந்து மாவுக்கட்டு அவிழ்த்தபின் ஒருவர் திரும்ப நடக்கிறார் என்றால் 'நங் ட்ஸோவ் ல'. அவருக்கு நடக்க எப்போதோ தெரியும், இப்போதுதான் ஏலுகிறது. சீனாவில் மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகள் நோயாளியிடம் கேட்கிற கேள்விகளில் பல நங் போட்டுத்தான் வரும். 'நங் தோங் மா?' என்றால் அசைக்க ஏலுமா? கடைசியில் வருகிற 'மா' கேள்விக்குறி வேலை செய்யும், எங்கள் பேச்சில் 'ஏலுமோ' என்பதன் ஓகாரம் மாதிரி.

அளவு வந்தால் ஹுவெய் இல்லை, நங், இதைப் பாடப்புத்தகங்கள் ஒரு விதியாகவே எழுதும். ஒருவருக்கு நீந்தத் தெரியும் என்பது ஹுவெய், ஐந்நூறு மீட்டர் நீந்த ஏலும் என்பது நங். விதி என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை, 'எனக்கு ஐந்நூறு மீட்டர் நீந்தத் தெரியும்' என்று சொல்லிப் பாருங்கள், காதே வேண்டாம் என்று சொல்லிவிடும்.

சீனர் ஒருவரோடு சாப்பிட உட்கார்ந்தால் கட்டாயம் வருகிற கேள்வி ஒன்று, 'நீ நங் ச்ஷி லா மா?' உறைப்புச் சாப்பிட ஏலுமா? யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் வளர்ந்தவர் 'நங்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லலாம். 'ஓம்' என்பதற்கான சொல்லைத் தேடவே வேண்டாம், சீனத்தில் கேள்வியில் எந்தச் சொல் வந்ததோ அதையே திருப்பிச் சொன்னால் அதுதான் ஓம், முன்னால் 'பு' போட்டால் அதுதான் இல்லை. நாங்களும் 'ஏலுமோ?' என்று கேட்டால் 'ஏலும்' என்று பதில் சொல்கிறோம்தானே.

உதவி கேட்கவும் நங் நல்லது: 'நீ நங் பாங் வோ மா?', ஒருக்கா எனக்கு உதவி செய்ய ஏலுமோ? இன்னும் பேச்சுவழக்காக வேண்டுமென்றால் 'நங் பு நங்', ஏலுமோ ஏலாதோ. அப்படியே 'ஹுவெய் பு ஹுவெய்', தெரியுமோ தெரியாதோ. கஅயியை மட்டும் வெட்டி 'கஅ பு கஅயி' என்பார்கள்.

வர ஏலாமல் போனதைச் சொல்ல 'மெய் நங் லாய்' என்று வரும். இந்த 'மெய்' நடந்து முடிந்ததை மறுக்கிற சொல், மூன்றில் நங் மட்டும்தான் அதை ஏற்கும்.

கஅயி: லாம்

கஅயி அனுமதி. 'கஅயி ஜின்லாய் மா?' உள்ளே வரலாமா? 'ஜஅலி கஅயி பாய்ஜாவ் மா?' இங்கே படம் எடுக்கலாமா? நல்லூருக்கு வருகிற சீனச் சுற்றுலாப் பயணி இதை உங்களிடம் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? கோயிலுக்கு உள்ளே படம் எடுக்கக் கூடாது, அதற்கு 'பு கஅயி' என்றும் சொல்லலாம், 'பு நங்' என்றும் சொல்லலாம், அறிவிப்புகளிலும் பேச்சிலும் 'பு நங்' தாராளமாக வரும். இங்கே ஒரு நல்ல ஒற்றுமை இருக்கிறது. தமிழில் 'எடுக்கலாம்' என்பதற்கு நேரடி மறுப்பு கிடையாது, 'எடுக்கக் கூடாது' அல்லது 'எடுக்க ஏலாது' என்று வேறு சொல்லுக்குத் தாவுகிறோம். சீனமும் கஅயியை மறுக்கும்போது பல இடங்களில் நங்குக்குத் தாவுகிறது, அது அனுமதி என்ற அர்த்தத்தில் இல்லாமல் இயலும் என்ற அர்த்தத்தில் வந்திருந்தால் கட்டாயம் தாவும்.

'இந்தப் படம் பார்க்கலாம்' என்று நண்பர் சொன்னால் அனுமதியா தருகிறார்? பார்க்கத் தகுந்தது என்கிறார். கஅயிக்கும் அந்தப் பொருள் உண்டு. சாப்பாடு எப்படி என்று கேட்டால் 'ஹாய் கஅயி' என்பார்கள், பரவாயில்லை என்று அர்த்தம்.

ஆனால் லாம் எல்லாமே கஅயி இல்லை. இரண்டு இடத்தில் கைவிடவேண்டும். 'வாங்கோ போகலாம்' என்று கூப்பிடுவதற்குக் கஅயி வராது, 'ட்ஸோவ் பா' என்று வேறு அமைப்பு. 'மழை வரலாம்' என்ற சந்தேகத்துக்கும் வராது, அதற்கு 'கஅநங்' என்று தனிச்சொல், பெரும்பாலும் பின்னால் ஹுவெய்யும் சேர்த்து 'கஅநங் ஹுவெய் ஷியா யு' என்பார்கள். எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வின் பழைய பாடத்திட்டத்தில் ஹுவெய்யும் நங்கும் முதல் நிலையின் 150 சொற்களுக்குள் வந்தன, கஅயியும் கஅநங்கும் இரண்டாம் நிலையில் வந்தன. கடைசி இரண்டும் ஒரே மாதிரி ஒலியோடு வருவதால் ஆரம்பத்திலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்: லாம் என்பதை எடுத்துவிட்டு 'சிலவேளை' என்று போட முடிந்தால் அது கஅநங்.

தெரியும் என்ற சொல்லே ஏமாற்றும் இடம்

இதுவரை தமிழைப் புகழ்ந்தேன், இப்போது தமிழ் காலை வாருகிற இடத்துக்கு வருகிறேன். நாங்கள் 'தெரியும்' என்பதைத் திறமைக்கு மட்டும் சொல்வதில்லை. கடை எங்கே இருக்கிறது தெரியும், அவரைத் தெரியும், இங்கிருந்து கடல் தெரியும், எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். சீனத்தில் இது நான்கு வெவ்வேறு சொல். செய்தி தெரியும் என்றால் 'ஜிதாவ்'. ஆளைத் தெரியும் என்றால் 'ரன்ஷி'. கண்ணுக்குத் தெரிகிறது என்றால் 'கான் த ஜியேன்'. திறமை மட்டுமே ஹுவெய். ஆகவே 'தெரியும் என்றால் ஹுவெய்' என்று மொட்டையாகப் படிக்காதீர்கள், 'செய்யத் தெரியும் என்றால் ஹுவெய்' என்று ஒரு 'செய்ய' சேர்த்துப் படியுங்கள். மொழிக்கும் அது பொருந்தும், கதைக்கத் தெரியும் என்பது உள்ளே ஒளிந்திருக்கிறது.

மூன்றுமே வராத இடம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆங்கிலத்தில் 'கேன்' மறுப்பு போட்டுத்தான் சொல்லவேண்டிய பல விஷயங்களைச் சீனம் மூன்றில் எதையும் தொடாமல் சொல்லும், தமிழும் அப்படித்தான் சொல்லும். தொலைபேசியில் மறுமுனை கேட்கவில்லை என்றால் நாங்கள் 'கேட்க ஏலாது' என்றா சொல்கிறோம்? 'கேட்கேல்லை' என்கிறோம். சீனர் 'திங் பு ஜியேன்' என்பார்: 'திங்' காது கொடுப்பது, 'ஜியேன்' அது வந்து படுவது, நடுவில் 'பு'. கேட்டது, ஆனால் விளங்கேல்லை என்றால் 'திங் பு தோங்'. (முன்னால் அசைப்பதற்கு வந்த 'தோங்' விழும் தொனி, விளங்குவதற்கான இந்தத் 'தோங்' தாழ்ந்து வளையும் மூன்றாம் தொனி, தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் சீனர் காதுக்கு வேறு.) ஆங்கிலத்தை மனதில் வைத்து 'பு நங் திங் தோங்' என்று கட்டினால் ஆள் புரிந்துகொள்வார், ஆனால் கட்டிச் சொன்ன வசனம் என்று உடனே தெரிந்துவிடும்.

தேடினேன், கிடைக்கேல்லை: 'ஜாவ் பு தாவ்'. வாங்கப் போனேன், கிடைக்கேல்லை: 'மாய் பு தாவ்'. தமிழில் தேடி, வாங்க என்று முதல் வினையும் கிடைக்கேல்லை என்று முடிவு வினையும் வருகிற அதே இரண்டு துண்டு அமைப்பு. மறுப்பை எடுத்துவிட்டு நடுவில் 'த' போட்டால் நேர்மறை: 'திங் த தோங்', விளங்குது. நடைமுறை விதி இதுதான்: தமிழில் இயல்பாகச் சொல்லும்போது ஏலாது வராவிட்டால் சீனத்திலும் நங்கைத் தேடாதீர்கள், முதலில் இந்த இரண்டு துண்டு அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழும் சீனமும் நடுவில் ஆங்கிலம் இல்லாமல் பக்கத்தில் நின்றது புதிதில்லை. 1911இல் காலியில் கண்டெடுத்த கல்வெட்டு ஒன்று கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹ கொண்டுவந்து நிறுவியது, 1409 என்ற ஆண்டைக் காட்டுவது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில் இருக்கின்றன. கொழும்புக்குப் போகிறவர்கள் ஒருக்கா போய்ப் பார்க்கலாம் (இந்த லாம் கஅயிதான்).

பழகும் விதம்

ஒரு கொப்பியில் நாளுக்கு ஒரு வினையை எழுதுங்கள், அதை வைத்து மூன்று தமிழ் வசனம், யாழ்ப்பாணத்தில் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே. சமைக்கத் தெரியும், காஸ் முடிஞ்சு போச்சு, சமைக்க ஏலாது, இந்த அடுப்பில் நீங்கள் சமைக்கலாம். அதற்குப் பிறகுதான் சீனம். ஆங்கில வரி அந்தப் பக்கத்தில் இருக்கவே கூடாது. சில வினைகளுக்கு மூன்றும் வராது, வராததை வலிந்து எழுதவேண்டாம், ஏன் வரவில்லை என்று பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

மூன்றும் கை வந்தபின் இரட்டை மறுப்பை எடுங்கள். 'பு நங் பு ச்சூ', போகாமல் இருக்க ஏலாது, அதாவது போயே ஆகவேண்டும். 'தா பு ஹுவெய் பு லாய்', அவன் வராமல் இருக்கமாட்டான், அதாவது கட்டாயம் வருவான். தமிழில் சொல் சொல்லாக வைத்துப் பாருங்கள், ஒழுங்கு மட்டும்தான் மாறியிருக்கும்.